வண்டி மறையும் வரை

எக்ஸ்போ என்ற உலகக் கண்காட்சி நடந்த வருஷம், ஏப்ரல் மாதம், மினோசாவா மோட்டார் கம்பெனியின் அகாஹொரி ஷோரூம் வாசலில், இசோமுரா தோகுஜி என்ற சேல்ஸ்மேன் ஒரு வாடிக்கையாளரை வழியனுப்புவதற்காகக் குனிந்தார். பிறகு நிமிரவில்லை. எண்ணெய் விலை ஏறி இறங்கியது, சக்கரவர்த்தி காலமானார், புதுச் சக்கரவர்த்திக்காக நாட்டில் வருஷக் கணக்கின் பெயரே மாறியது. இசோமுரா இடுப்பை மடித்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, வாசல் சிமென்ட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். அகாஹொரியில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தபால் ஆபீசுக்கு வழி கேட்டால், "குனிஞ்சிருக்காரே, அவரைத் தாண்டி வலது பக்கம் திரும்புங்க" என்பார்கள்.

இதைச் சொல்ல வேண்டுமென்றால் கம்பெனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். கிழவர் மினோசாவா முதலில் நெல் குத்தும் இயந்திரம் செய்தவர். யுத்த காலத்தில் ராணுவத்துக்கு விமானச் சக்கரம் செய்தார். யுத்தம் தோற்றபின் மிச்சமிருந்த அலுமினியத்தில் சட்டி பானை செய்தார். அதற்கும் பிறகு மூன்று சக்கர வண்டி. முதல் வண்டியை ஒரு மீன் வியாபாரிக்கு விற்றபோது, அது தெருமுனை வரையாவது போய்ச் சேருமா என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. பார்க்கத் தைரியமில்லாமல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். வண்டி முனை திரும்பி மறைந்துவிட்டது என்று பெண்டாட்டி வந்து தோளைத் தட்டிய பிறகுதான் நிமிர்ந்தார். பார்த்தவர்களோ, அடேயப்பா, வாங்குகிறவன் மேல் என்ன மரியாதை என்று மெச்சினார்கள். ஊர் மெச்சியதைக் கம்பெனி சட்டமாக்கிவிட்டது. ஷோரூம் ஆட்கள் வாசலில் வரிசையாக நின்று குனிய வேண்டும், விற்ற வண்டி கண்ணுக்கு மறையும் வரை குனிந்த தலை நிமிரக்கூடாது. வரிசையின் கடைசியில் நிற்கும் மேனேஜர் மட்டும் ஓரக்கண்ணால் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்து, மறைந்ததும் "சரி" என்பார். அப்போது எல்லோரும் நிமிரலாம்.

சும்மா சொல்லக்கூடாது, வண்டிகள் நன்றாகத்தான் இருந்தன. பெரிய புயல் அடித்த வருஷம் ஒரு மூன்று சக்கர வண்டி, ஒரு குடும்பத்தையும் இரண்டு கோழிகளையும் சுமந்துகொண்டு வெள்ளத்தின் மேல் மிதந்து, பக்கத்து மாவட்டத்துக் கோயில் படியில் போய் நின்றது. இன்ஜின் அணையவே இல்லை. மண்சரிவில் புதைந்த இன்னொன்றை இரண்டு குளிர்காலம் கழித்துத் தோண்டியெடுத்தபோது, அதன் வைப்பர் அன்றைய மழையை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தது. பெண் கொடுக்கிற வீட்டில் பையன் எப்படி என்று விசாரித்தால், "மினோசாவா" என்று ஒரே வார்த்தையில் பதில் வரும்; அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். இந்தப் பெயரைச் சம்பாதிக்க ஒரு தலைமுறை ஆயிற்று. அகாஹொரியில் கம்பெனிச் சோறு சாப்பிடாத வீடு ஒன்றுகூட இல்லை என்ற நிலை வந்தபோதுதான் ஹிபாரி வந்தது. வானம்பாடி என்று அர்த்தம். நாலு பேர் உட்காரக்கூடிய சின்ன வெள்ளைக் கார். சம்பளக்காரன் வாங்குகிற விலையில் முதன்முதலாக வந்த கார் அது.

குவாபாரா என்ற பள்ளி வாத்தியார் தன் ஹிபாரியை எடுத்துப்போக வரவிருந்த நாளன்று காலையில் ஹெட் ஆபீசிலிருந்து தொலைபேசி வந்தது. எடுத்தவர் இசோமுரா. ஹிபாரியில் பிரேக் எண்ணெய் ஓடுகிற குழாய் மெல்லியதாக அமைந்துவிட்டதாம். ஊருக்குள் ஓட்டினால் ஒன்றுமில்லை. நீளமான மலை இறக்கத்தில் சூடேறினால் குழாய் விட்டுக்கொள்ளும், பிரேக் பிடிக்காது. யாரிடமும் மூச்சு விட வேண்டாம், முதல் சர்வீசுக்கு வரும்போது சத்தம் போடாமல் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று உத்தரவு. இசோமுரா அதை அப்படியே மேனேஜர் முகாயிடம் சொன்னார். "புரிஞ்சுதில்ல?" என்றார் முகாய். புரிந்தது என்றார் இசோமுரா. அவருக்கு அப்போது முப்பத்தொரு வயது, வீட்டில் ஹருயே என்ற மனைவியும் தவழ ஆரம்பித்திருந்த மிசாகோ என்ற பெண்குழந்தையும் இருந்தார்கள். கெட்ட மனிதர் இல்லை. ஒரு மாதம்தானே, ஊருக்குள்தானே ஓட்டப்போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

குவாபாரா வந்தார். கூடவே நிறைமாதமாக இருந்த மனைவி நொபுயோ. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகிறாள். தாய்வீடு சருகாயெஷி கணவாய்க்கு அந்தப் பக்கம். குரங்கே ஏறப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போன மலை என்று அதற்குப் பெயர். ஏறுவதைவிட இறங்குவது மோசம். "நேரா மாமியார் வீட்டுக்குத்தான் போறோம், முதல் ஓட்டமே மலைமேல" என்று குவாபாரா பெருமையாகச் சிரித்தார். நொபுயோ பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு கமலா ஆரஞ்சை உரிக்கத் தொடங்கினாள். இசோமுரா வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து முகாய் தொண்டையைச் செருமினார், வண்டி நகர்ந்தது, வரிசை மொத்தமும் குனிந்தது. வேறு நாட்டுக்காரனாக இருந்தால் பின்னாலேயே ஓடிக் கத்தியிருப்பான். நமக்கு அது வராது. எல்லோரும் குனிகிற நேரத்தில் ஒருத்தன் மட்டும் நிமிர்ந்து நின்று கத்துவதாவது! இசோமுரா திறந்த வாயை மூடிக்கொண்டு குனிந்தார்.

அகாஹொரியிலிருந்து மலைக்குப் போகும் சாலை தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். வெள்ளைக் கார் சிறுத்துக்கொண்டே போய் ஒரு அரிசி அளவுக்கு ஆயிற்று. அதற்கு மேல் சிறுக்கவில்லை. முகாய் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். தொழிற்சாலையில் மத்தியானச் சங்கு ஊதியது. அரிசி அப்படியே இருந்தது. வரிசையில் ஒருவருக்கு மயக்கம் வந்தது. கடைசியில் முகாய், மறையாத வண்டியை மறைந்ததாக வைத்துக்கொண்டு, "சரி" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். இசோமுரா மட்டும் நிமிரவில்லை.

மறுநாளும் கார் அங்கேயே இருந்தது. நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. தூசி கிளம்புவது தெரிந்தது. போலீஸ்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் துரத்திப் பார்த்தார். அவர் எவ்வளவு தூரம் போனாரோ அவ்வளவு தூரம் அதுவும் தள்ளிப்போயிற்று. எதிர்ப்பக்கம் மலையிலிருந்து இறங்கி வந்த பஸ் டிரைவர், அப்படியொரு காரைத் தான் வழியில் பார்க்கவே இல்லை என்று சாதித்தார். தொலைநோக்கி வைத்துப் பார்த்தவர்களுக்கு ஸ்டியரிங்கில் குவாபாராவின் கையும், பின் சீட்டில் நொபுயோ உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சும் தெரிந்தன. அடுத்த வருஷம் பார்த்தபோதும் அதே ஆரஞ்சு. தோலில் இன்னும் ஒரு விரல்கடை கூடுதலாக உரிந்திருந்தது.

ஆரம்பத்தில் ஹெட் ஆபீசுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்புறம் ஒரு பத்திரிகைக்காரர் வந்து படம் எடுத்துப் போட்டார். வாடிக்கையாளர் கண்ணுக்கு மறையும் வரை நிமிரமாட்டேன் என்று நிற்கும் சேல்ஸ்மேன்! அவ்வளவுதான், நாடே உருகிவிட்டது. எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து மற்ற கம்பெனிகள் எல்லாம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த வருஷத்தில் மினோசாவாவுக்கு ஆர்டர் குவிந்தது. ஏப்ரல் தோறும் வேலைக்குச் சேரும் புதியவர்களைப் பஸ்ஸில் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்தினார்கள். வெளிநாட்டுக்காரர்கள் கப்பல் கப்பலாக வாங்கினார்கள். ஷின்டோ கோயிலில் பூசை போட்ட புது வண்டியை அவர் பக்கம் ஒரு தடவை ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகள் அவர் முதுகைத் தொட்டுவிட்டுப் போனார்கள். முகாய் மேனேஜராக இருந்தவர் மண்டல அதிகாரியாகி, பிறகு டைரக்டரும் ஆகிவிட்டார்.

இசோமுராவுக்கு மழைக்குக் கண்ணாடிக் கூரை, குளிர்காலக் காற்றுக்கு மூன்று பக்கமும் தடுப்பு எல்லாம் கம்பெனி போட்டுக் கொடுத்தது. முடிவெட்டுகிறவர் தரையில் மல்லாந்து படுத்துச் சவரம் செய்தார். மற்ற காரியங்கள் எப்படி என்று கேட்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். மூங்கில் தட்டி ஒன்று இருந்தது, அதோடு விடுங்கள். சோறு ஹருயே கொண்டுவந்தாள். உருண்டை பிடித்த சோற்றைக் கீழேயிருந்து ஊட்டினாள், மிசோ சூப்பை ரப்பர் குழாயில் உறிஞ்ச வைத்தாள். முதல் இரண்டு வருஷம் அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். புருஷன் படம் ரயில் நிலையத்தில் எல்லாம் ஒட்டியிருந்தால் யாருக்குத்தான் இருக்காது? அப்புறம் ஒருநாள் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது, அவர் முகத்தைத் தான் நேராகப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்தாள். எப்போதும் அண்ணாந்தே பார்த்த முகம். கன்னம் கீழே தொங்கி, கண் ரத்தம் கட்டி, யாரோ போல இருந்தது. அன்றைக்கு வந்த அழுகையை அவள் யாரிடமும் காட்டவில்லை.

மிசாகோ அப்பாவின் முகத்தைத் தவழ்ந்து போய்த்தான் தெரிந்துகொண்டாள். நடக்க ஆரம்பித்த வயதில் அவளுக்கு அது சரியான உயரம். நின்றபடியே அண்ணாந்து மூக்கைப் பிடித்து இழுப்பாள். பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் அவள் தலை அப்பாவின் நெற்றியில் இடித்தது. அதற்குப் பிறகு உட்கார்ந்தால்தான் பார்க்க முடிந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் தெருவில் எல்லோர் முன்னாலும் குந்தி உட்கார வெட்கப்பட்டு, முதுகைப் பார்த்து "போயிட்டு வரேம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போகத் தொடங்கினாள். பெரியவளானதும் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். அவள் அப்பா யார் என்று தெரிந்ததும் மேலே கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

மாதம் ஒருமுறை மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து ஒரு அம்மா வருவாள். பெயர் தோமெ, நொபுயோவைப் பெற்றவள். கையில், காகி என்கிற இனிப்புப் பழத்தின் வற்றல் ஒரு கட்டு இருக்கும். அதை இசோமுராவின் காலடியில் வைத்து, "உங்க புண்ணியத்துல என் பொண்ணு இன்னும் கண்ணுக்குத் தெரியறா" என்று கும்பிடுவாள். பிறகு ஷோரூம்காரர்கள் போட்டுக்கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து சாலைக் கோடியில் இருக்கும் அந்த அரிசியைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் கும்பிடும்போதெல்லாம் இசோமுரா இன்னும் ஒரு சாண் கீழே குனிவார். வயதாகிறதல்லவா, இடுப்பு பிடித்திருக்கும் என்று ஹருயே நினைத்துக் கம்பளிப் பட்டி சுற்றிவிடுவாள்.

இப்படியே இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஒரு வசந்தகாலத்தில் தோமெ பழம் கொண்டுவரவில்லை, ஊன்றுகோலோடு வந்தாள். முகம் மஞ்சளாக இருந்தது. ஹருயே டீ கொடுத்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, டாக்டர் மழைக்காலம் தாண்டாதுன்னுட்டார். எனக்குச் சாவறது ஒண்ணும் பெரிசில்ல. அந்தக் குழந்தைக்கு அன்னைக்கே துணியெல்லாம் தெச்சு வெச்சேன். வருஷா வருஷம் எடுத்து வெயில்ல போட்டு வெக்கறேன். பொண்ணு ஒரு தடவை வந்து இறங்கிட்டான்னா போதும். உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுப் பாரேன். அவர் நிமிந்தா ஏதாவது ஆகுமோ என்னமோ."

ஹருயே போய்ப் புருஷன் முகத்துக்குக் கீழே குந்தி உட்கார்ந்தாள். "கேட்டுச்சா? பாவம், கொஞ்சம் நிமிந்துதான் பாருங்களேன். அவங்களுக்காகவாவது."

"முடியாது."

"முதுகு புடிச்சிருக்கா?"

"அதில்ல." இசோமுரா வேறு யார் காதிலும் விழாத குரலில், காலையில் வந்த தொலைபேசியிலிருந்து முகாய் தொண்டை செருமியது வரை எல்லாவற்றையும் சொன்னார். "நான் குனிஞ்சு நிக்கற வரைக்கும் அது மலையேறாது ஹருயே. நிமிந்தா மறைஞ்சுடும். மறைஞ்சா அந்தப் பக்கம் இறங்கும். இறங்கினா பிரேக் பிடிக்காது. முதல் நாளே எனக்குத் தெரியும். என் முதுகுலதான் அந்த வண்டி நிக்குது."

ஹருயே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் சோறு வரவில்லை. அத்தனை வருஷத்தில் சோறு வராத முதல் நாள் அது, தெருவே கவனித்தது. அதற்கும் மறுநாள் வந்தாள், கையில் சாப்பாடு இல்லாமல். புருஷன் முகத்துக்கு நேராகத் தரையில் படுத்துக்கொண்டாள்.

"ரெண்டு நாளா யோசிச்சேன். அவங்களையும் சாக விடல, கம்பெனி பேரையும் விடல. ரெண்டு பக்கமும் நல்லவரா இருக்கப் பாத்திருக்கீங்க. அதுக்கு என் ஆயுசு, மிசாகோ ஆயுசு, அந்தம்மா ஆயுசு. நிமிர வேணாம். உங்களை யாரு நிமிரச் சொன்னா? குனிஞ்சபடியே கத்த முடியாதா? வாய் என்ன தைச்சா வெச்சிருக்கு?"

"ஊரே அந்தச் சோறுதான் தின்னுது. மிசாகோவும் அங்கதான் இருக்கா."

"தெரியும்" என்றாள் ஹருயே. "இருந்தாலும் கத்துங்க."

எப்படித்தான் காதுக்கு எட்டியதோ, அன்று மத்தியானமே கறுப்புக் காரில் டைரக்டர் முகாய் வந்து இறங்கிவிட்டார். விலையுயர்ந்த கோட்டோடு மண்டி போட்டு, நெற்றி தரையில் படும்படி விழுந்தார். அப்படி விழுந்து தலையைத் தூக்கினால்தான் இசோமுராவின் முகத்தைப் பார்க்கவும் முடியும்.

"இசோமுரா, இத்தனை வருஷம் தாங்கிட்டே. இன்னும் கொஞ்ச நாள். அந்தக் குழாயெல்லாம் அப்பவே ஒண்ணு விடாம மாத்தியாச்சு. இப்ப போய்ச் சொன்னா யாருக்கு என்ன லாபம்? இது ஒரு வண்டிதானே பாக்கி!"

"மாத்தறதுக்கு முன்னாடி மலை இறங்கின வண்டியெல்லாம்?" என்றாள் ஹருயே. முகாய் நெற்றியை மறுபடி தரையில் வைத்தார். அந்த வருஷங்களில் மலைச் சாலைகளில் சிலர் இறந்துபோயிருந்தார்கள். ஓட்டியவரின் கவனக்குறைவு என்று போலீஸ் எழுதியிருந்தது. ஊரில் எல்லோருக்கும் அது ஞாபகம் இருந்தது, யாரும் இதுவரை இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. "அந்த ஒரு வண்டியிலதான் ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க" என்றாள் ஹருயே மறுபடியும்.

"மூணு பேர்."

திரும்பிப் பார்த்தார்கள். தோமெ ஊன்றுகோலோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முந்தாநாள் வந்தவள் ஊருக்குத் திரும்பாமல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் தங்கியிருக்கிறாள். அது யாருக்கும் தெரியாது. எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ. அவள் கத்தவில்லை, யாரையும் ஏசவில்லை. வழக்கம்போல நாற்காலியில் போய் உட்கார்ந்து சாலையைப் பார்க்கத் தொடங்கினாள். அவ்வளவு தூரம் நடந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அந்த மூச்சுச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

இசோமுரா கத்தினார். வருஷக்கணக்காக முணுமுணுத்தே பழகிய தொண்டை. முதலில் வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை தெருநாய் திரும்பிப் பார்த்தது. மூன்றாம் தடவை கண்ணாடிக் கூரை அதிர்ந்தது. "குவாபாரா-சான்! பிரேக் குழாய் சரியில்ல! மலையேறாதீங்க!" அரிசி ஓடிக்கொண்டே இருந்தது. இசோமுரா மூச்சை இழுத்துப் பிடித்து, அதுவரை சொல்லாமல் விட்டதையும் சேர்த்துக் கத்தினார். "எங்களுக்குத் தெரியும்! வண்டி கொடுக்கும்போதே எங்களுக்குத் தெரியும்!"

சாலைக் கோடியில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் எரிந்தன.

கம்பெனி என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லி முடித்துவிடலாம். அந்தச் சத்தம் அகாஹொரி முழுக்கக் கேட்டது, தொழிற்சாலையில் இயந்திரங்களைத் தாண்டியும் கேட்டது. அடுத்த வாரம் தலைவரும் டைரக்டர்களும் பத்திரிகைக்காரர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டு, மேஜைக்குப் பின்னால் வரிசையாகக் குனிந்தார்கள். அந்தப் படமும் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. இறந்தவர்களின் வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பெயர் சொன்னார்கள். வண்டிகள் விற்கவில்லை. மினோசாவா என்ற பெயர்ப் பலகையை இறக்கி, வேறொரு கம்பெனி தன் பலகையை மாட்டியது. பாதிப் பேருக்கு வேலை போயிற்று. மீன் கடைக்காரர் ஹருயேவுக்கு மீனைச் சுற்றிக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிசாகோவுக்குப் பார்த்திருந்த பையன் வீட்டார் ஜோசியம் சரியில்லை என்றார்கள். பெண் கொடுக்கிற வீடுகளில் பையனைப் பற்றிப் பழையபடி ஒரே வார்த்தையில் யாராலும் சொல்ல முடியவில்லை. இதெல்லாம் நடக்கும் என்று ஹருயேவுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

சிவப்பு விளக்கு எரிந்த அந்த மத்தியானம், அரிசி திரும்பியது. தீப்பெட்டி அளவுக்கு ஆயிற்று, பிறகு அதன் கண்ணாடியில் வெயில் மின்னியது. ஊர் இரண்டு பக்கமும் நின்று பார்த்தது. ஹிபாரி மெதுவாக வந்து, கிளம்பிய இடத்திலேயே நின்றது. டயரில் புது ரப்பர் வாசனை அப்படியே இருந்தது. குவாபாரா கண்ணாடியை இறக்கிக் குழப்பத்தோடு எட்டிப்பார்த்தார். "யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. கிளம்பி அரைமணி கூட ஆகல, அதான் திரும்பிட்டேன்." அவருடைய மாணவர்களில் இரண்டு பேர் தலை நரைக்கத் தொடங்கிய வாத்தியார்களாகக் கூட்டத்தில் நின்றிருந்தார்கள், அவர் அவர்களைப் பார்த்து, யாரோ பெரியவர்கள் என்று தலை தாழ்த்தினார்.

பின் கதவைத் திறந்துகொண்டு நொபுயோ வயிற்றைப் பிடித்தபடி இறங்கினாள். கையில் ஆரஞ்சு முழுக்க உரிந்திருந்தது. எதிரே நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்க்கும் கிழவியைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தாள். "அம்மாவா? நீங்க ஏம்மா இவ்வளவு தூரம் வந்தீங்க? நாங்கதான் வந்துட்டே இருக்கோமே!" தோமெ மகள் முகத்தை இரண்டு கையாலும் தடவினாள், பிறகு வயிற்றைத் தடவினாள், பிறகு மறுபடி முகத்தை. ஆரஞ்சில் ஒரு சுளை பிய்த்து அம்மா வாயில் வைத்தாள் நொபுயோ.

"எனக்கு வண்டி கொடுத்தாரே, அந்தத் தம்பி எங்க?" என்று கேட்டார் குவாபாரா.

"நான்தான்" என்றார் இசோமுரா. சொல்லிவிட்டு நிமிர்ந்தார். ஒரே மூச்சில் முடியவில்லை. முதலில் கழுத்து, அப்புறம் தோள், அப்புறம் ஒவ்வொரு எலும்பாக. இரண்டு தடவை பாதியில் நின்றார். ஹருயே கைகொடுக்கப் போனாள், வேண்டாம் என்று தலையசைத்தார். முழுக்க நிமிர்ந்ததும் ஹருயே அவரைப் பார்த்தாள். அவர் கண்கள் தன் கண்ணுக்கு மேலே இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. தொழிற்சாலையிலிருந்து சீருடையோடு ஓடிவந்த மிசாகோ மூச்சிரைக்க நின்றாள். அவள் அப்பாவைவிடக் கொஞ்சம் உயரம். அது அதுவரை அவர்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

இசோமுரா குனியவில்லை. குவாபாராவின் கண்ணைப் பார்த்து, குழாயைப் பற்றியும் தொலைபேசியைப் பற்றியும், வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டதைப் பற்றியும் நின்றபடி சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த குவாபாராவுக்கு முகம் வெளுத்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் நொபுயோவுக்கு வலி கண்டுவிட்டது. முகாயின் கறுப்புக் காரிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முகாய் வாசலில் நின்று, குனிவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார்.

சாயங்காலம் பெண்குழந்தை பிறந்தது. நர்ஸ் எடை பார்த்து மூன்று கிலோ நூறு என்று குறித்துக்கொண்டாள்; நாள் தள்ளிப்போனதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இசோமுரா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து அறை வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, போகச் சொல்லவும் வரவில்லை. மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த தோமெதான் கடைசியில் பேசினாள்.

"என் பொண்ணைக் கீழ விழாமப் பிடிச்சுட்டு நின்னீங்க. அதுக்கு மாசாமாசம் வந்து நன்றி சொல்லியாச்சு. அவளை வீட்டுக்கு வர விடாமப் பிடிச்சுட்டு நின்னதும் நீங்கதான். அதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

இசோமுரா தலையைத் தொங்கப்போடப் போனார்.

"அதெல்லாம் போதும்" என்றாள் தோமெ. "எனக்குக் கை வலிக்குது. இதைக் கொஞ்ச நேரம் பிடிங்க."

அவர் குழந்தையை வாங்கினார். வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, தன் குழந்தையையே அதிகம் தூக்காதவர். "தலையைப் பிடிங்க, தலையை" என்று பின்னாலிருந்து ஹருயே அதட்டினாள். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். குழந்தை அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக் கொட்டாவி விட்டது.